படியாத தலையின் தீர்த்தம்

உலகத்து நீரையெல்லாம் ஊர் ஊராகப் பங்கிட்டுக்கொண்டு வந்த பெருமான், மலைக்கு அருவியையும் வயலுக்கு ஆற்றையும் வழங்கிவிட்டுக் கிழக்குக் கடலோரத்துப் பெரியளத்தை வந்தடைந்தபோது, அவன் கையில் எஞ்சியிருந்தது உப்புநீர் ஒன்றுதான் என்றும், வெறுங்கை காட்ட மனமின்றி அதையே அள்ளிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பிறகு கொண்டுவருகிறேன், அதுவரை நீ இவர்களோடு இரு என்று தன் தேவியை அங்கே நிறுத்திவிட்டுப் போனான் என்றும் அவ்வூரார் சொல்லிக்கொள்வார்கள். அப்படி நின்றவள்தான் அளங்காத்த அம்மன். அவளைச் சுற்றி நாற்புறமும் உப்புப் பாத்திகள். கிணறு தோண்டினாலும் உவர், குளம் வெட்டினாலும் உவர். குடிக்கும் நீர் மூன்று நாளுக்கு ஒருமுறை லாரியில் வரும். அந்த நீரிலும் அந்தக் காற்றிலும் பிறந்து வளர்ந்த பெண்களின் கூந்தல் எவ்வாறு இருக்குமென்று விரித்துரைக்கத் தேவையில்லை. ஆயினும் அவர்கள் விடியுமுன் எழுந்து, உள்ளங்கை நிறைய எண்ணெய் வைத்து, இழுத்து வாரி, இறுக்கிப் பின்னி, அதன்மேல் ஒரு துண்டையும் கட்டிக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விடுவதால், ஒவ்வொருத்தியின் தலையைப் பற்றிய உண்மையும் அவளவள் சீப்புக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

சண்முகக்கனியின் தலை மட்டும் அந்த ஒளிவுமறைவுக்கு உடன்படவில்லை. தேங்காய் எண்ணெயைக் குடித்தது, நல்லெண்ணெயைக் குடித்தது, நூல்போல் இழுபடும் விளக்கெண்ணெயைக்கூட, வீட்டிலிருந்து அளத்துக்கு நடக்கும் கால் நாழிகைக்குள் குடித்து முடித்துவிட்டு, எதுவும் நடவாததுபோல் எழுந்து நின்றது. வெந்தயம் அரைத்துப் பூசினாள், செம்பருத்தி இலையைக் கசக்கித் தேய்த்தாள், கற்றாழைச் சோற்றை வழித்து வைத்தாள். எல்லாவற்றையும் பிரசாதம்போல் வாங்கிக்கொண்ட அந்தக் கூந்தல், காய்ந்த தேங்காய்நார்க் குவியலாகவே காற்றில் நின்றது. சீப்புகள் பல்லிழந்தன. ரிப்பன்கள் முடிச்சவிழ்ந்து பறந்தன. ஊர் அவளைப் பரட்டைக்கனி என்றது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள், வருஷங்கள் போகப் போக முகத்துக்கு நேரே, வஞ்சனை ஏதுமின்றி, அதுவே அவள் பெயர் என்பதுபோல் சொன்னார்கள். உப்பு மூட்டை ஏற்றும் அவள் கணவன் இசக்கிமுத்து மட்டும் கனி என்று கூப்பிட்டான். அவனும், பக்கத்தில் படுத்தால் கன்னத்தில் குத்துகிறது என்று தலையணையைக் கொஞ்சம் தள்ளியே போட்டுக்கொண்டான்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்ட கனிக்குப் பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. பங்குனியில் நடக்கும் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு ஒரு மண்டலம் முன்பாகத் திருமுன்னே சீட்டுப் போட்டு எடுப்பார்கள். எவள் பெயர் வருகிறதோ அவளே அந்த ஆண்டின் முதற்குடத்தைத் தலையில் சுமந்து வந்து, அம்மனின் திருமேனியில் விழும் முதல் நீரைக் கொடுக்க வேண்டும். அவளுக்குப் பின்னால்தான் மற்ற இருபது குடங்களும் வரும். திருமணமான பதினாறு ஆண்டுகளில் கனியின் பெயர் மூன்று முறை வந்திருந்தது. மூன்று முறையும் ஊர்த்தலைவர் சுயம்புலிங்கம் அண்ணாச்சி சீட்டைப் படித்துவிட்டு, அவள் தலையை ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த சீட்டை எடுக்கச் சொன்னார். முதற்குடம் சுமப்பவள் எண்ணெய் வைத்து, வகிடெடுத்து, ஒரு மயிரிழையும் எழும்பாமல் பின்னி முடித்த தலையோடு வர வேண்டும் என்பது முறை. தலைவிரி கோலம் துக்கத்துக்கு உரியது. அதை அம்மன் திருமுன் கொண்டுவரலாகாது என்பது அண்ணாச்சியின் கட்சி. அவர் கெட்டவரல்லர். முறை தவறினால் ஊருக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று அஞ்சி அஞ்சியே மெலிந்துபோனவர்.

நான்காம் முறையாகச் சீட்டில் அவள் பெயர் வந்த அந்த ஆண்டில், கூட்டத்தில் ஒரு சிரிப்பு அலை எழுந்து அடங்கிற்று. அண்ணாச்சி சீட்டை மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

"அம்மா விட மாட்டேங்காளே உன்னய," என்றார். "சரி, இந்தத் தடவ அடுத்த சீட்டு எடுக்கல. கொடைக்கு இன்னும் நாப்பத்தெட்டு நாளு கெடக்கு. தல படிஞ்சா கொடம் உனக்கு. படியலன்னா பொறவு என்னைய ஒண்ணும் சொல்லப்பிடாது."

அன்று முதல் பன்னிரண்டு நாட்கள் கனி தன் தலையோடு மன்றாடினாள். நாத்தனார் வள்ளிமயில், தன் பங்குக்கு ஒரு பாட்டில் பாதாம் எண்ணெயை டவுனிலிருந்து வாங்கிவந்து, மைனி, இதுக்கும் படியலன்னா இனி தார் ரோடு போடுத வண்டியத்தான் கூப்பிடணும் என்று சொல்லித் தேய்த்துவிட்டுப் போனாள். அதையும் கூந்தல் குடித்தது. பதின்மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. கனி விளக்கேற்றிவிட்டு, அடியவர்கள் ஆண்டவனிடம் பிணங்கிக்கொண்டு கோயில் வாசலிலேயே திரும்பி உட்கார்ந்துகொள்வதுபோல, அம்மன் படத்துக்கு நேரே முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"இந்தத் தலையக் குடுத்தது நீ. இந்தத் தலைய வச்சிருக்கவளத்தான் நாலு தடவ பேரு சொல்லிக் கூப்பிட்டே," என்றாள். "படிஞ்ச தலதான் வேணும்னா படிஞ்சவளக் கூப்பிட்டிருக்கணும். இனி ஒரு சொட்டு எண்ணெ வைக்க மாட்டேன். உன் இஷ்டம்."

சொன்னபடியே, லாரித் தண்ணீரில் தன் பங்காக வந்த ஒரு குடத்தில் சீயக்காய் தேய்த்துத் தலை முழுகி, எண்ணெய்ப் பசையெல்லாம் போக்கி, துண்டும் கட்டாமல் கூந்தலைக் காற்றுக்கு விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது இசக்கிமுத்து விழித்துப் பார்த்தான். பாய் நனைந்திருந்தது, தலையணை நனைந்திருந்தது, தரையில் ஓர் ஓடை வாசற்படியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கூரையைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், மேகத்தின் வாடையே இல்லை. பிறகு மனைவியைப் பார்த்தான். தூங்கிக்கொண்டிருந்த அவளுடைய கூந்தலின் ஒவ்வோர் இழையின் நுனியிலும் ஒரு துளி திரண்டு, விழுந்து, மறுபடி திரண்டுகொண்டிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். இனித்தது. அவன் எழுந்து போய்க் குடத்தைக் கொண்டுவந்தான்.

"ஏளா, கொஞ்சம் இந்தப் பக்கமா சாஞ்சு படு," என்றான். "வீணாப் போவுது."

முதல் நாள் ஒரு குடம். மறுநாள் மூன்று. அந்த வாரம் முடிவதற்குள் தெருவுக்கே போதுமான நீர். அளத்து மேஸ்திரி, உப்புநீரின் கனத்தை அளக்கும் கண்ணாடிக் குழலை எடுத்துவந்து குடத்தில் மிதக்கவிட்டுப் பார்த்தார். பாத்தியில் விட்டால் கழுத்தளவு எழும்பி நிற்கும் அந்தக் குழல், வெட்கப்பட்டதுபோல் அடியாழத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. முப்பது வருஷத்தில் இது இவ்வளவு கீழே போய்ப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு மேஸ்திரி தாமும் ஒரு செம்பு வாங்கிக் குடித்தார்.

நீர் எப்படி வந்தது என்பதைப் பற்றி ஊரில் எவரும் அதிகம் பேசவில்லை. மகிமையென்று வந்துவிட்டால் அதற்கு மூலம் தேடுவது தெய்வத்தின் கையைப் பிடித்துப் பார்ப்பது போன்றது. ஊரைப் பிடித்தாட்டிய கேள்வி வேறு. சோற்றில் ஒரு மயிர் கிடந்தால் அந்த இலையையே எடுத்துப் போடுகிறோம். மயிரிலிருந்தே வடிகிற நீரை எப்படிக் குடிப்பது, எப்படி உலை வைப்பது? கோயில் முற்றத்தில் இதற்காக மூன்று மாலை கூடினார்கள். வேட்டித்துணியில் வடிகட்டலாம் என்றார் ஒருவர். கொதிக்கவைத்தால் தோஷம் போகும் என்றார் இன்னொருவர். மகிமைதான், மறுக்கவில்லை, ஆனாலும் குமட்டுகிறது என்று உண்மையைச் சொன்னாள் ஒருத்தி. மூன்றாம் மாலை, அதுவரை வாய் திறவாமல் விளக்குத் திரி முறுக்கிக்கொண்டிருந்த பூசாரி மாசானம் தலையை நிமிர்த்தினார்.

"கங்க எங்கய்யா இருக்கா?" என்றார். "சிவன் தலயில. அங்க என்ன, சல்லட போட்டா வடிகட்டி எறக்குனாங்க? காசிக்குப் போய் அந்தத் தண்ணியச் செம்புல அடச்சுக் கொண்டாந்து பூச வீட்டுல வைக்கீங்கள்லா, அதுல மயிரு இருக்கான்னு எவனாவது பாத்தானா? ஒண்ணு சொல்லுதேன். அவரும் எண்ணெ வச்சு வழிச்சுச் சீவியிருந்தாருன்னு வைங்க, கங்க நின்னிருக்க மாட்டா. வழுக்கி நேராப் பாதாளத்துக்குப் போயிருப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே அருவருப்பும் பாதி கரைந்தது. மீதிப் பாதியைக் கரைத்தது துவரம்பருப்பு. உவர்நீரில் எத்தனை நேரம் கிடந்தாலும் கல்லாகவே கிடக்கும் பருப்பு, கனியின் தலைநீரில் இரண்டு கொதியில் மலர்ந்து குழைந்தது. சுயம்புலிங்கம் அண்ணாச்சி அன்று சாம்பார் எந்தத் தண்ணீரில் வைத்தது என்று வீட்டில் கேட்கவே இல்லை. மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அதன்பின் ஊர் அந்த மகிமையைத் தன் அன்றாடத்துக்குள் எடுத்துக்கொண்டது. விடியற்காலையில் கனியின் வீட்டு முன்னால் ஒரு கயிற்றுக் கட்டில் போடப்பட்டது. அவள் முக்காலியில் அமர்ந்து தலையைப் பின்னால் சாய்க்க, பெண்கள் அந்தக் கூந்தலை மீன்வலைபோல் கட்டிலின்மேல் விரித்துப் பரப்பிக் கட்டிலுக்கு அடியில் குடங்களை வரிசை வைத்தார்கள். ஊரின் ஏழு தெருக்களில் இடப்பக்கத்து முடி மேலத்தெருப் பக்கத்துக்கு, வலப்பக்கத்து முடி கீழத்தெருப் பக்கத்துக்கு, உச்சிமுடி கோயிலுக்கு என்று முறை வகுத்தார்கள். வலப்பக்கத்து நீர்தான் கொஞ்சம் இனிப்பு என்று மேலத்தெருவார் குறைசொல்ல, வாரம் ஒருமுறை பக்கம் மாற்றிக்கொள்ள உடன்பாடாயிற்று. ஏழு மணிக்குத் தலையை உதறி முடிந்துகொண்டு கனி எப்போதும்போல் அளத்துக்கு உப்பு வாரப் போனாள். எனக்குத் தும்மல் வந்தால் பத்துக் குடம் சரிந்துவிடுகிறது, யாராவது மிளகாய் வறுப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள் என்று அவள் கேட்டுக்கொண்டாள், ஊர் கட்டுப்பட்டது. தண்ணீருக்குப் பயந்து பெரியளத்தில் பெண் கொடுக்காதிருந்த ஊர்களிலிருந்து பெண்பார்க்க வரச்சொல்லி ஆள் வந்தது. லாரிக்காரரிடம், இனி இங்கே வரவேண்டாம், தேவைப்படும் ஊருக்குப் போங்கள் என்று சொல்லியனுப்பினார்கள். பரட்டைக்கனி என்ற பெயர் மாறவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது மேலத்தெருக் கிழவர்கள் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

கனிக்கோ, இத்தனைக்கும் நடுவே, ஒரு முள் எடுபடாமலே இருந்தது. நீருக்காக ஊர் தன் தலையைத் தேடி வருகிறது. ஆனால் அந்தத் தலையோடு முதற்குடத்தைச் சுமக்கலாமா என்று அவள் ஒருநாள் கேட்டபோது, அண்ணாச்சி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, தண்ணி வேற, முறை வேற என்றார்.

கொடைக்கு ஐந்து நாள் இருந்தபோதுதான் அந்தப் பிழை நேர்ந்தது. அது பெரியளத்தார் மட்டுமே செய்யக்கூடிய பிழை. நன்றியைக் காட்ட அவர்களுக்கு ஒரே வழிதான் தெரியும். உப்புக் காற்றில் கல்லும் அரித்துப்போகும் அவ்வூரில், தாங்கள் மிகவும் நேசிக்கும் எதையும் அவர்கள் எண்ணெய் பூசித்தான் காப்பார்கள்: அம்மன் சிலைக்கு எண்ணெய்க்காப்பு, தேரின் அச்சுக்கு எண்ணெய், கதவின் கீலுக்கு எண்ணெய், பிறந்த குழந்தைக்கு எண்ணெய். ஊருக்கே நீர் தந்தவளுக்கு ஊர் என்ன செய்தது என்று நாளை எவரேனும் கேட்டால் என்ன சொல்வது என்று பெண்கள் கூடிப் பேசி, ஏழு தெருவிலிருந்தும் ஏழு கிண்ணம் எண்ணெய் திரட்டி, மேளத்தோடு கனியின் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் வந்தவள் வள்ளிமயில்தான். மைனி, எத்தன நாளு உன் தலயக் கேலி பண்ணிருக்கேன், இன்னைக்கு என் கையால ஒரு தடவ என்று அவள் கேட்டபோது கனியால் மறுக்க முடியவில்லை.

ஒரு மாதம் இரவும் பகலும் நன்னீரில் ஊறிய அந்தக் கூந்தல், அன்று, அவள் வாழ்நாளில் முதன்முறையாக, எண்ணெயைக் குடிக்காமல் ஏந்திக்கொண்டது. சீப்பு இறங்கியது, எங்கும் நிற்கவில்லை. நடுவகிடு கோடு போட்டதுபோல் விழுந்தது. பின்னல் முதுகில் தன் கனத்தோடு தொங்கியது, கனி அதைப் பின்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கண்ணாடியைக் கொடுத்தார்கள். எதிரே இருந்தவளை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்தபோது விம்மி அழுதாள். சுயம்புலிங்கம் அண்ணாச்சி வாசலில் நின்று பார்த்து, இரு கைகளையும் தட்டி, படிஞ்சுட்டு என்றார். முறையும் நிலைத்தது, அம்மன் வாக்கும் நிலைத்தது என்று அவர் கண்ணிலும் நீர் கட்டியது. அன்று முழுவதும் கனி எந்த வேலையும் செய்யவில்லை. காற்றடிக்கும் பக்கமெல்லாம் போய் நின்று, தன் தலை அசையாமலிருப்பதை ரசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் கட்டிலின்மேல் அவள் பின்னல் கிடந்தது. கீழே குடங்கள் கிடந்தன. ஒரு துளியும் விழவில்லை. சூரியன் எழுந்தான். பெண்கள் பின்னலை அவிழ்த்து விரித்துப் பார்த்தார்கள். எண்ணெய் மினுங்கும் அந்தக் கூந்தலின்மேல் காற்று வந்தது, தொட்டது, பிடிமானமின்றி வழுக்கிக்கொண்டு கடல் பக்கம் போய்விட்டது. வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பூசாரி சிரிக்கச் சிரிக்கச் சொன்னது அப்போதுதான் அவர்கள் காதில் விழுந்தது.

லாரிக்காரர் வேறோர் ஊருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். இன்னும் எட்டு நாளுக்கு வர இயலாது என்றார். வீடுகளில் இருந்தது அன்றைய குடிநீர் மட்டும்தான். இரண்டாம் நாளும் குடங்கள் வெறுமையாகவே திரும்பின. கனியின் கூந்தலை மறுபடி பின்னி முடித்துவிட்டார்கள். பால்குடிப் பிள்ளைகளுள்ள வீடுகளுக்கு மற்றவர்கள் தங்கள் செம்புகளைக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் பிற்பகலில் அண்ணாச்சி கனியின் வீட்டுக்கு வந்தார்.

"நீ கலங்காத," என்றார். "எங்க வீட்டுல பித்தள அண்டாவுல ஒரு கொடத்துக்குத் தண்ணி எடுத்து வச்சிருக்கேன், உன் தலத் தண்ணிதான். மொதக்கொடத்துக்கு அது போதும். தல படிஞ்சிருக்கு. கொடம் உனக்குத்தான், மாத்தமில்ல."

பதினாறு ஆண்டுகள் அவள் வேண்டிக்கொண்டிருந்த சொல் அது. அதை அவர் அவள் வாசலில் வந்து நின்று சொல்கிறார். கனி தன் பின்னலை முன்பக்கம் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன் மென்மையை ஒருமுறை நுனிவரை தடவிப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு ஒரு கொடம் இருக்கு. ஊருக்கு?" என்றாள்.

"ஊரு எட்டு நாளு பல்லக் கடிச்சுக்கிடும்."

அவள் பின்னலின் நுனியிலிருந்த ரிப்பனை இழுத்தாள். அண்ணாச்சி பதறிப்போனார். அவிழ்த்தால் குடம் இல்லை என்பது தெரியுமல்லவா, படியாத தலைக்கு முதற்குடம் கொடுக்க என்னால் ஆகாது என்றார். அவர் குரலில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"கொடத்த நீங்க வச்சுக்கோங்க அண்ணாச்சி," என்றாள் கனி. "உள்ள ஊத்துததுக்கு ஏதாவது வேணும்லா."

ஆனால் ஏழு தெரு எண்ணெயை எதைக்கொண்டு கழுவுவது? சீயக்காய்க்கு நன்னீர் வேண்டும். அது இருந்தால் கழுவவே தேவையில்லை. கனி அளத்தை நோக்கி நடந்தாள். உப்பை வாரியெடுத்தபின் பாத்தியில் தேங்கும் கசப்பு நீரில் இறங்கி, கழுத்தளவு குனிந்து தலையை முக்கினாள். அம்பாரத்திலிருந்து தூளாக்காத கல்லுப்பை இரு கைகளாலும் அள்ளித் தலையில் வைத்துத் தேய்த்தாள். உச்சி எரிந்தது, கண் எரிந்தது. உப்பு எண்ணெயைப் பிடித்து மஞ்சளாகி உதிர்ந்தது. மீண்டும் முக்கினாள், மீண்டும் தேய்த்தாள். ஐந்தாம் முறை குனிந்தபோது தன் கைகளோடு வேறு இரு கைகளும் தன் தலையில் இருப்பதை உணர்ந்தாள்.

"கைய எடு மைனி," என்றாள் வள்ளிமயில். "பூசுனவ நான். எடுக்கவும் எனக்குத்தான் தெரியும்."

அவளுக்குப் பின்னால் ஏழு தெருப் பெண்களும் வரப்பில் நின்றார்கள். ஒருத்தி மாற்றி ஒருத்தியாக இறங்கித் தேய்த்தார்கள். தேய்த்துத் தேய்த்து வியர்த்தபோது வள்ளிமயில் தன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். இறுக்கிய கொண்டை சரிந்தது. ஒரு கணம் தயங்கி நின்றவள், பிறகு அதையும் பிரித்துவிட்டு அந்த நீரிலேயே தானும் தலையை முக்கினாள். அவள் நிமிர்ந்தபோது அவள் முடியும் நாராக எழுந்து நின்றது. உன்னுதும் இப்பிடித்தானா என்று கனி கேட்க, எல்லாவளுக்கும் இப்பிடித்தான், நாங்க கட்டி வச்சிருந்தோம் என்றாள் அவள். அதைக் கேட்டதும், யாரும் சொல்லாமலே, வரப்பில் துண்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மாலை வெயிலில் பெரியளத்தின் உப்புப் பாத்திகளெங்கும் இருநூறு பெண்கள் தலை முக்கி எழுந்தார்கள். அளத்துக் காற்று அவர்களைப் பிடித்து உலர்த்தியது. உலர உலர அந்தக் கூந்தல்கள் எல்லாத் திசைகளிலும் விரிந்து பெருகின. வீடு திரும்பிய மனைவியரைக் கண்டு ஆண்கள் வழிவிட்டு நின்றார்கள். தன் வாசலில் வந்து நின்றவளை அண்ணாச்சி யாரென்று கேட்டுவிட்டார். முப்பத்தோரு வருஷம் உனக்குச் சோறு போட்டவ என்று பதில் வந்தது.

மூன்றாம் நாள் விடியலில் கனியின் நுனிமுடியில் துளி திரளவில்லை. நான்காம் நாள் விடியலிலும் இல்லை. அந்த இரண்டு நாட்களும் அவள் உப்பையே தேய்த்துக்கொண்டிருந்தாள். எவரும் அவளைக் குறைசொல்லவில்லை, அதுவே அவளுக்குத் தாங்கவில்லை. அண்ணாச்சி தம் வீட்டு அண்டாவைத் திறந்து, அம்மனுக்கென்று வைத்திருந்த அந்த ஒரு குடத்தை எடுத்துப் பிள்ளைகளுள்ள வீடுகளுக்குத் தம் கையாலேயே பங்கிட்டார். அம்மா பொறுத்துக்கொள்வாள் என்று சொல்லிக்கொண்டே பங்கிட்டார் என்பார்கள்.

ஐந்தாம் நாள் கொடை. மேளம் கட்டும் முன்பே இசக்கிமுத்து நனைந்த பாயில் விழித்தான். வழக்கம்போல் குடத்தை எடுக்க வெளியே வந்தவன், தெருவைப் பார்த்து அப்படியே நின்றான். எதிர்வீட்டு வாசற்படியிலிருந்து ஓர் ஓடை இறங்கி வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒன்று. அதற்கடுத்த வீட்டிலிருந்தும் ஒன்று. ஏழு தெருவிலும் ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெண் தலையைச் சாய்த்து நின்றாள். ஒவ்வொருத்தியின் கூந்தலிலிருந்தும் நன்னீர் தாரை தாரையாக இறங்கிற்று. குடங்கள் நிறைந்தன, அண்டாக்கள் நிறைந்தன, மாட்டுத்தொட்டி நிறைந்தது. போதும் போதுமென்று ஆண்கள் சட்டியும் வாளியும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தெருவில் பெருகிய நீர் முதன்முறையாக அளத்தை நோக்கி ஓடி, உப்புப் பாத்தியின் வரப்பைத் தொட்டு நின்றது. அன்று காலை ஊரார் அனைவரும் இரண்டு முறை குளித்தார்கள். ஒருமுறை தேவைக்கு, ஒருமுறை ஆசைக்கு.

நல்ல வேளையில் கோயில் முற்றத்தில் இருபத்தொரு குடங்களும் நிறைந்து நின்றன. சுயம்புலிங்கம் அண்ணாச்சி முதற்குடத்தின் அருகே வந்து, முறைப்படி, படிந்த தலையுடைய ஒருத்தியைத் தேடிக் கூட்டத்தைப் பார்த்தார். கீழத்தெருப் பக்கம் பார்த்தார், மேலத்தெருப் பக்கம் பார்த்தார், தம் வீட்டாரைப் பார்த்தார். பங்குனி வெயிலில் இருநூறு தலைகள் கருமேகங்களாகப் பொங்கி நின்றன. அவற்றுள் வகிடென்று சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அவர் மடியிலிருந்த சீட்டை எடுத்து, ஒரு மண்டலத்துக்கு முன் அம்மன் கொடுத்த பெயரை, தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"சண்முகக்கனி."

அவர் தாமே குனிந்து குடத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். சும்மாடு தேவைப்படவில்லை. மேளம் முழங்கிற்று, கனி முன்னே நடக்க இருபது பேர் பின்னே நடந்தார்கள்.

அப்போதுதான் ஊர் ஒன்றைக் கண்டது. இதற்குமுன் எத்தனையோ கொடைகளில் எத்தனையோ பெண்கள் எண்ணெய் மினுங்கும் தலையில் குடமேற்றி அந்த வழி வந்திருக்கிறார்கள். குடம் எந்நேரமும் வழுக்கப் பார்க்கும். இரு கைகளாலும் அதை இறுகப் பிடித்து, கண்ணை மேலே செருகி, கால் எங்கே வைக்கிறோமென்று அஞ்சியஞ்சித்தான் அவர்கள் வந்து சேர்வார்கள். திருமுன் நின்றாலும் குடத்தைத் தவிர வேறு நினைவிராது. இன்றோ குடங்கள் அந்தக் கரடுமுரடான கூந்தலில், கூட்டில் அமர்ந்த பறவைகளைப்போல் அசையாது அமர்ந்திருந்தன. முதலில் கனி ஒரு கையை எடுத்தாள். பிறகு மறு கையையும் எடுத்தாள். பின்னே வந்தவர்களும் எடுத்தார்கள். நாற்பத்திரண்டு கைகள் விடுதலையாகிக் குலவையோடு மேலே எழுந்தன, தாளமிட்டன, பிறகு தாமாகவே நெஞ்சுக்கு நேரே வந்து குவிந்தன. முதற்குடம் சுமப்பவள் அம்மனைக் கைகூப்பித் தொழுதபடியே வந்ததைப் பெரியளம் அன்றுவரை பார்த்ததில்லை.

கருவறை வாசலில் கனி நின்றாள். எதிரே விளக்கொளியில் அளங்காத்தாள், இத்தனை அருகில். பூசாரி மாசானம் இரு கைகளையும் நீட்டிக் குடத்தைப் பற்றித் தூக்கினார். அது வரவில்லை. கொஞ்சம் பலங்கொண்டு இழுத்தார். கூந்தல் குடத்தின் அடியைக் கவ்விக்கொண்டு நின்றது.

"விடு தாயி," என்றார்.

"நானா பிடிச்சிருக்கேன்?" என்றாள் கனி, கூப்பிய கையை எடுக்காமல்.

முற்றமே சிரித்தது, அந்தச் சிரிப்பொலியில் மேளமும் தாளம் தப்பிற்று. மாசானம் இரண்டடி பின்வாங்கி, அபிஷேகம் செய்யும் தம் இடத்திலிருந்து விலகி, அவளுக்கு வழிவிட்டார். சண்முகக்கனி படிகளேறி உள்ளே போனாள். அம்மனுக்கு நேரே தலையைத் தாழ்த்தினாள். குடம் சாய்ந்தது, அந்த ஆண்டின் முதல் நீர், அவள் நெற்றியைத் தொட்டு, படியாத கூந்தல் வழியே இறங்கி, திருமேனியின்மேல் விழுந்தது.